சர்வசன வாக்குரிமை: எந்த வயதுவரை?

தேர்தல் நெருங்கிவிட்டால் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வயதானவர்கள் அனுப்பும் பொய்ச்செய்திகள் வந்து குவியும். அதில் அலுத்துப்போன இளையவர்கள் சிலர் இப்போது நேராகவே கேட்கிறார்கள்: 18க்குக் கீழே வோட்டு இல்லையென்றால், 70க்கு மேலேயும் ஏன் இருக்க வேண்டும்?

பாடப்புத்தகத்தில் படித்த 'சர்வசன வாக்குரிமை' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'சர்வ', 'சன' இரண்டும் வடமொழி, எல்லா மக்களும் என்று பொருள். 'வாக்கு'ம் வடமொழி வழி வந்ததுதான். முதலில் பேச்சு, பிறகு கொடுத்த சொல். 'வோட்' லத்தீன் 'வோட்டும்' என்பதிலிருந்து வந்தது, கோயிலில் நாம் வைக்கிறோமே, அந்த நேர்த்திதான் அதன் பொருள். எளிமையாக 'எல்லாருக்குமான வாக்குரிமை' என்று சொல்லலாம். வாக்குச்சீட்டில் போடும் குறிக்கோ எங்கள் வழக்கில் அருமையான சொல் இருக்கிறது: புள்ளடி, அதாவது பறவையின் கால் தடம்.

இந்த 'எல்லாரும்' இலங்கையில் லேசாக வந்ததில்லை. அரசியலமைப்பைச் சீர்திருத்தப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு ஆண்களுக்கு 21, பெண்களுக்கு 30 என்றுதான் பரிந்துரைத்தது. 1931இல் இருபாலாருக்கும் 21 ஆனது, 1959இல் 18. இடையில் நடந்தது பெரிய அநியாயம். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியினரான மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. 1947இல் 7 ஆசனங்களை வென்ற அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு 1952இல் ஒன்றுகூட இல்லை. நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. அப்படி ஐம்பது வயதில் முதல் புள்ளடி போட்ட ஒருவருக்கு இப்போது 70 தாண்டியிருக்கும், அவரிடம் போய் மறுபடியும் உங்களுக்கு வாக்கில்லை என்று சொல்வதா?

முதியவர்கள் பொய்யை அதிகம் பரப்புகிறார்கள் என்பது வெறும் குற்றச்சாட்டு இல்லை, சரி. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்து ஃபேஸ்புக் பகிர்வுகளை ஆராய்ந்தவர்கள், 65க்கு மேற்பட்டோர் இளைஞர்களைவிடக் கிட்டத்தட்ட 7 மடங்கு போலிச்செய்தி பகிர்ந்ததாகக் கண்டார்கள். ஆனால் அதே ஆய்வில் அந்த வயதினரில் அப்படி ஒன்றையாவது பகிர்ந்தவர்கள் 100க்கு 11 பேர்தான். மிச்சம் 89 பேர் என்ன பிழை செய்தார்கள்? அதோடு 18 என்ற கோட்டை எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் தாண்டி உள்ளே வருவார்கள், மேலே போடும் கோட்டுக்கு வெளியே போனவர் திரும்பி வரவே முடியாது.

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, சோழர் காலத்திலேயே மேல் வயதெல்லை இருந்ததே என்பவர்களும் உண்டு. இருந்தது, 35க்கு மேல் 70க்குள். ஆனால் அது குடவோலையில், அதாவது குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கும் ஓலையில், பெயர் எழுதப்படுகிறவருக்கான தகுதி, தெரிவாகிறவருக்கானது. நம் வேட்பாளர்களுக்கும் அப்படி ஒரு எல்லை வேண்டுமென்றால் தாராளமாகப் பேசலாம், நான் அதற்கு எதிரில்லை.