ஏற மூச்சு வேண்டும், இறங்கத் தொடை வேண்டும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பெங்களூரு அல்சூரிலும் விவேக் நகரிலும் நம் பையன்களுக்கு ஒரே பேச்சு: ஞாயிறு எந்த மலை? சாவன்துர்காவா, ஸ்கந்தகிரியா? லீவு சேர்ந்தாற்போல் வந்தால் குமார பர்வதம். "நான் தினமும் டிரெட்மில்ல ஓடுறேன் மச்சி, ஏறிடுவேன்" என்பார்கள். ஏறிவிடுவார்கள்தான். திங்கட்கிழமை ஆபீஸில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படி இறங்குகிறவர்களும் அவர்களேதான்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது முழங்கால் மடங்க மடங்க அதே தசை நீள்கிறது; நீண்டுகொண்டே உடல் எடையை இழுத்தும் பிடிக்கிறது. நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டி மெல்லக் கிணற்றுக்குள் விடுவது போன்ற வேலை இது. நீளும் தசை, குறைவான இழைகளைக் கொண்டே இந்தப் பாரத்தைத் தாங்கிவிடும். அதனால் ஆற்றல் செலவு குறைவு, மூச்சும் வாங்காது. ஆனால் ஒவ்வோர் இழையின் மேலும் விழும் இழுவிசை அதிகம். 'இறக்கம்தானே' என்று ஓட்டமாக இறங்கத் தோன்றுவது மூச்சு வாங்காததால்தான்.

இழைக்குள்ளே வரிசையாகக் கோத்திருக்கும், சுருங்கி நீளும் நுண்ணிய அலகுகளான சார்கோமியர்களில் வலுவில்லாதவை அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. இழையின் சவ்வு சேதமாகி, கால்சியம் உள்ளே கசிகிறது. பிறகு அழற்சி. அது மெதுவாக வளர்வதால் வலி மறுநாள்தான் தொடங்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். பழியை லாக்டிக் அமிலத்தின் மேல் போடுவது நம் வழக்கம். பாவம், ஓய்வெடுக்கத் தொடங்கி ஓரிரு மணி நேரத்திலேயே அது ரத்தத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தசையின் பலம் குறைவதோ இறங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. குமார பர்வதம் 1,712 மீட்டர். அடிவாரத்து ஊரான குக்கே பக்கம் இறங்கினால் உயரக் கணக்கிலேயே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் தொடை வெடவெடக்க, ஈரப் பாறையில் வைத்த கால் வழுக்குவது இப்படித்தான்.

நல்ல வேளையாக, இறக்கத்தை ஒருமுறை பட்டறிந்த தசை அதை மறப்பதில்லை. அளவான ஒரு பயிற்சியே அடுத்த சில வாரங்களுக்குச் சேதத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. டிரெட்மில்லின் சமதள ஓட்டம் இதைத் தராது. மலைக்கு இரண்டு வாரம் முன்பு அபார்ட்மென்ட்டில் லிஃப்டில் மேலே போய், படியில் இறங்குங்கள். முதல் நாள் நாலைந்து மாடி போதும். வலி அடங்கியதும் கொஞ்சம் கூட்டலாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம். சேதம் ஆற நாளாகும்.

தண்ணீர், டார்ச் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, இறங்கும் முன் ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் விரல்நுனி முன்னால் போய் இடிக்காது. ஊன்றுகோல் இருந்தால் முழங்காலின் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். இறங்கும்போது அதன் நீளத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.