மூன்று மாத மாவட்டப் பயிற்சி: பி.ஜி.க்கள் எங்கே தங்குவார்கள்?

கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். எம்.டி., எம்.எஸ். படிக்கும் முதுநிலை டாக்டர்கள் (பி.ஜி.க்கள்) மூன்று, நான்கு, ஐந்தாம் செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்தாக வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. அதன்படி எங்களிடமும் பி.ஜி.க்கள் வருகிறார்கள்.

புதுச்சேரியில் பெரிய கல்லூரி ஒன்றில் படிக்கும் ஒருவர் வந்திருந்தார். முதல் வாரமே பாம்புக்கடி கேஸ். நடவு முடித்துக் கரையேறும்போது கடிபட்ட அம்மா. ராத்திரியில் லேப் ரிப்போர்ட் கிடைக்காது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து வைக்கச் சொன்னேன். 20 நிமிடம் யாரும் தொடவில்லை. சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறையாமல் வழிந்தது. விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்த பி.ஜி. விஷமுறிவு மருந்தை ஆரம்பித்தார். இந்தச் சோதனையைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், செய்ததில்லை என்றார். இதற்காகவே இந்த மூன்று மாதம் வேண்டும் என்பேன்.

ஆனால் அவருக்குத் தங்க இடமில்லை. நைட் டூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு பஸ் பிடித்துப் புதுச்சேரி போவார், மறுநாள் காலை திரும்ப வருவார். மாவட்டத்தில் இருக்கும்போதும் ஸ்டைபண்டை (மாத உதவித்தொகையை) அவர் படிக்கும் கல்லூரியே முழுதாகத் தர வேண்டும். அவருக்கோ இரண்டு மாதமாக வரவில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டிய நிலை.

இது ஒருவர் கதை இல்லை. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் கருத்துக் கேட்டபோது, 213 சுயநிதிக் கல்லூரிகளைச் சேர்ந்த 7,901 பேரில் 2,110 பேர் ஸ்டைபண்டே வருவதில்லை என்றார்கள். கொடுத்ததைக் கல்லூரியே திரும்ப வாங்கிக்கொள்கிறது என்றவர்கள் 1,228 பேர். அந்த ஆண்டின் புதிய விதிகளோ, அரசுக் கல்லூரிக்கு இணையான தொகை, வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று தெளிவாகவே சொல்கின்றன.

தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஏ.டி.எம். கார்டையும் கையெழுத்துப் போட்ட காசோலையையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாதாமாதம் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள். ஸ்டைபண்ட் வரவில்லை என்றால் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

எங்கள் பங்குக்கு, ஸ்டோர் பக்கம் பூட்டிக் கிடக்கும் அறையைக் கேட்டு எழுதியிருக்கிறோம். இரண்டு கட்டில், ஒரு ஃபேன், தாழ்ப்பாள் உள்ள கதவு, அப்புறம் பெண் பி.ஜி.க்களுக்குத் தனிக் கழிவறை. அடுத்த பேட்ச் வருவதற்குள் சாவி கிடைத்தாக வேண்டும்.