குரல் இல்லை என்பவர்களும் சேர்ந்து பாடலாம்

தனிமை, மனச்சோர்வு என்று ஆலோசனைக்கு வருபவர்களிடம் "ஒரு பாடகர் குழுவில் சேருங்களேன்" என்றால், பெரும்பாலும் வரும் பதில்: "எனக்குக் குரலே கிடையாது." சேர்ந்திசைக்கு அது தடையே இல்லை. பக்கத்திலிருப்பவரின் குரல் காதில் விழும் அளவுக்கு அடக்கிப் பாடத் தெரிந்தால் போதும். மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் பள்ளிப் பிள்ளைகளைப் பெருந்திரளாக ஒன்றுசேர்த்துப் பாட வைத்தவர். அத்தனை பேருக்கும் கச்சேரிக் குரலா இருந்திருக்கும்?

நீண்ட வரியைப் பாடும்போது மூச்சு மெதுவாக வெளியேறுகிறது. அப்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலையால் இதயத் துடிப்பு தணியும். மூச்சை இழுக்கும்போது ஏறும். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் துடிப்புகளும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் 2013இல் இதை அளந்தே பார்த்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. பாட்டு, கைவினை, எழுத்து என்று புதிதாகத் தொடங்கிய வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாடியவர்கள் முதல் மாதத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். வேறு ஊருக்கு மாற்றலாகி வந்தவருக்கும், பேச்சை ஆரம்பிக்கக் கூச்சப்படுபவருக்கும் இது பெரிய உதவி. பேசாமலேயே பழக்கம் தொடங்கிவிடுகிறது.

வாரம் ஒரு முறை, 90 நிமிட ஒத்திகை போதும். முதல் 10 நிமிடம் மூச்சுக்கு: நான்கு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை 'ஸ்ஸ்' என்று விடவேண்டும்; பழகியபின் பன்னிரண்டு. தோள் மேலே ஏறினால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது என்று அர்த்தம். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். அடுத்து ஐந்து நிமிடம் வாயை மூடி முனகல். நடுவே டீ இடைவேளை வைக்காத குழுவை நான் பரிந்துரைப்பதில்லை. பாதி நட்பு அங்கேதான் உருவாகிறது.

புதியவர்கள் விலகிப்போக முதல் காரணம் சுருதி. நன்றாகப் பாடும் இரண்டு பேருக்கு வசதியாக வைத்துவிட்டு மற்றவர்களைக் கத்த விடுவார்கள். ஆணும் பெண்ணும் அவரவர் ஸ்தாயியில் ஒரே மெட்டைப் பாடுவதானால், உச்ச ஸ்வரம் கீபோர்டில் 'டி'யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரண்டாவது காரணம் தனிப்பாடல் போட்டி. கிறிஸ்துமஸ் கேரலுக்கு மூன்று வாரம் முன்பு மட்டும் கூடிக் கலையும் குழுவில் படபடப்புதான் மிஞ்சும். ஒத்திகையில் இறங்கும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மேடையில் ஏறக்கூடும். மன ஆறுதல் தேடி வருபவருக்கு ஒத்திகைதான் முக்கியம்.

பாடுவதை நம்பி மனநல மாத்திரையை நிறுத்த வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த ஒத்திகைவரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. தொண்டைக் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பாடுவதை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.