டிபென்டன்ஸ்: அடிமையா, சார்பா?

எங்கள் பெரியப்பா காலையில் சவரம் செய்துகொள்ளமாட்டார். மாலையில் முதல் 90 மில்லி உள்ளே போன பிறகுதான் கண்ணாடி முன் நிற்பார். அப்போதுதான் கத்தி நேராக இறங்கும். காலையில் தேநீர்க் குவளையைக்கூட வலக்கையால் எடுத்து, இடக்கையை அடியில் முட்டுக்கொடுத்துத்தான் உதட்டுக்குக் கொண்டுவருவார். “நான் என்ன குடிகாரனா? தெருவில் விழுந்து கிடந்தேனா, யாரிடமாவது கடன் வாங்கினேனா?” என்று கேட்பார். இரண்டும் நடந்ததில்லை என்பது உண்மை. வயிற்றுவலிக்குப் போனபோது மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுத்த சொல் ‘ஆல்கஹால் டிபென்டன்ஸ்’. வீட்டில் அதைப் படித்தவர்கள் ‘குடிக்கு அடிமை’ என்று பொருள் சொன்னார்கள். பெரியப்பா சீட்டை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகிவிட்டார். அந்த மருத்துவரிடம் பிறகு அவர் போகவே இல்லை.

அன்றைக்குச் சொன்ன பொருள் தவறு. ‘அடிமை’ என்பது வேறொரு சொல்லுக்கு உரிய தமிழ். ரோமானியச் சட்டத்தில், கடனைத் திருப்பித்தர முடியாதவனை நீதிபதி கடன் கொடுத்தவனிடமே ஒப்படைத்துவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு லத்தீனில் ‘அடிக்டுஸ்’ என்று பெயர். ‘அடிக்‌ஷன்’ அதிலிருந்து வந்தது. அதற்கு ‘அடிமைப்படுதல்’ சரியான மொழிபெயர்ப்புத்தான். ‘டிபென்டன்ஸ்’ பிறந்ததோ ‘தொங்குதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையில். ஒன்றைப் பற்றிக்கொண்டு, அதன் பிடியிலேயே நிற்பது. இதில் ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை.

மருத்துவ உலகம் இந்தச் சொல்லுக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. அதுவரை ‘அடிக்‌ஷன்’ என்றும், வெறும் ‘பழக்கம்’ என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எங்கே கோடு போடுவது என்பதில் குழப்பமே மிஞ்சியது. 1964-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இரண்டையும் விட்டு ‘டிபென்டன்ஸ்’ என்ற ஒரே சொல்லைப் பரிந்துரைத்தது. 1976-இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் என்ற இரு மருத்துவர்கள் மதுவில் அது எப்படி இருக்கும் என்று குறி குறியாக எழுதிவைத்தார்கள். ‘ஆல்கஹாலிசம்’ இவற்றையெல்லாம்விடப் பழையது. ஸ்வீடன் மருத்துவர் மேக்னஸ் ஹஸ் 1849-இல் உண்டாக்கியது. அதற்கு நம் மறுவாழ்வு மையங்களில் வழங்கும் ‘குடிநோய்’ நல்ல தமிழ். ‘குடிகாரன்’ ஆளைப் பழிக்கிறது. ‘குடிநோயாளி’ அவரை மருத்துவமனை வாசலுக்கு அழைத்துவருகிறது.

டிபென்டன்ஸுக்கு நேரான தமிழ் ‘சார்பு’. புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, இலக்கண வகுப்பிலேயே படித்திருக்கிறோம். தொல்காப்பியம் ‘சார்ந்துவரல் மரபின் மூன்று’ என்று குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகியவற்றைச் சொல்கிறது. ‘அஃது’ என்பதில் உள்ள ஆய்தத்தைப் பாருங்கள். முன்னே ஒரு குறில், பின்னே ஒரு வல்லின உயிர்மெய் இருந்தால்தான் அதற்கு ஒலி. தனியே நிற்க அதற்கு வலுவில்லை. முதல் தொண்ணூறு உள்ளே போகாமல் சவரக்கத்தியைப் பிடிக்க முடியாத கையும் அப்படித்தான். அது குணக்கேடு அல்ல, உடம்பின் நிலை.

வள்ளுவரிடம் இந்தச் சொல் ‘நோய்’ என்பதோடு சேர்ந்தே வருகிறது: ‘சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின் மற்றழித்துச் சார்தரா சார்தரு நோய்’ (359). மெய்யுணர்தல் அதிகாரத்துக் குறள் இது. அவர் பேசுவது பிறவிப் பற்றைப் பற்றி, மதுவைப் பற்றி அல்ல. ஆனாலும் சார்பை முதலில் உணர வேண்டும், அதன் பிறகே அது கெட ஒழுக முடியும் என்ற வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

எப்படி உணர்வது? அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூயிங் நான்கே கேள்விகளில் ஒரு சோதனையை அமைத்தார். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? அதைப் பற்றி மற்றவர்கள் குறை சொல்லும்போது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததற்காக உள்ளுக்குள் குற்ற உணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தை நிறுத்தவோ மப்பைத் தெளிவிக்கவோ ஒரு வாய் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவதுக்கு ‘ஆம்’ என்றால், மற்ற மூன்றுக்கும் ‘இல்லை’ என்றாலும் பார்த்துவிடுவது நல்லது என்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விச் சோதனையும் உண்டு. அதில் 40-க்கு 8 வந்தாலே எச்சரிக்கை.

அளவைக் கணக்கிடும்போதுதான் நாம் பெரும்பாலும் ஏமாறுகிறோம். இந்தியாவில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகு என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே விற்கும் பிராந்தியும் விஸ்கியும் பெரும்பாலும் 42.8 விழுக்காடு. அப்படியானால் ‘ஒரே ஒரு கட்டிங்தான்’ என்று சொல்லும் 90 மில்லியில் 30 கிராம் இருக்கிறது. ஒன்று என்று எண்ணியது மூன்று. குவார்ட்டர் என்றால் ஆறு.

‘எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறாது’ என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மருத்துவத்தில் அதற்குத் ‘தாங்குதிறன்’ என்று பெயர், அது சார்பின் குறிகளில் ஒன்று. அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் நிறுத்தத் தெரியாமை, நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும், மற்ற இன்பங்களெல்லாம் விலகிப்போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை மற்றவை. இந்த ஆறில் மூன்று ஓராண்டுக்குள் சேர்ந்து இருந்தால் அது சார்பு. ‘சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறேனே’ என்பது பெரியப்பாவின் வாதம். இருந்தார்தான். ஆனால் மாலையைக் கழற்றிய அன்று இரவே பழைய அளவுக்கு வந்துவிடுவார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் நிறையக் குடித்தவர்கள் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த சில நாட்களில் இல்லாத ஆளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும் பிதற்றல் நிலை வரலாம், அதில் உயிரே போகக்கூடும். மருத்துவர் கண்காணிப்பில், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். போதை மீட்புக்கான இலவச அழைப்பு எண் 14446. போய் உட்கார்ந்ததும் ‘நான் குடிகாரன்’ என்றோ ‘அடிமை’ என்றோ சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. ‘காலையில் கை உதறுகிறது, குடித்தால் நிற்கிறது’ என்று சொன்னால் போதும். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.