ஏரோபிக்: சொல் வந்த வழியும் தமிழில் அதற்கான பெயரும்

குழு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கப் படிப்பவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சொல் ஏரோபிக். ஜிம் வாசலில் 'ஏரோபிக்ஸ், காலை 6 மணி' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அது பாட்டுப் போட்டுக் கையும் காலும் வீசி ஆடும் ஒரு வகுப்பின் பெயர். பாடநூலைத் திறந்தால் அதே சொல் தசைக்குள் நடக்கும் ஒரு வேலையின் பெயராக இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு தேர்வு எழுதினால் கேள்விகள் குழப்பும். அதே எண்ணத்தோடு வகுப்பு எடுத்தால், எதிரே நிற்பவரின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதே பிடிபடாது.

சொல்லுக்குள் இரண்டு கிரேக்க வேர்கள் இருக்கின்றன. முதல் பாதி காற்று. ஏரோப்ளேனில் வரும் அதே ஏரோ. அடுத்தது 'பயோஸ்', உயிர் அல்லது வாழ்வு, பயாலஜியில் இருப்பது. சேர்த்துப் பார்த்தால் 'காற்றைக் கொண்டு வாழ்வது' என்று பொருள் வரும். இதை உண்டாக்கியவருக்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பே இல்லை. அவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர். 1861ல் ஒருவகை நொதித்தலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு துளித் திரவத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். துளியின் நடுவில் இருந்த நுண்ணுயிர்கள் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. காற்றுப் படும் ஓரத்தில் இருந்தவையோ அசைவற்றுக் கிடந்தன. காற்று பட்டால் ஓய்ந்துபோகும் உயிரும் உலகத்தில் உண்டு என்று அந்தத் துளி காட்டியது. 1863ல் காற்று வேண்டும் உயிர்களுக்கு ஒரு பெயரும், வேண்டாதவற்றுக்கு 'அன்' என்ற எதிர்மறை முன்னொட்டோடு இன்னொரு பெயரும் வைத்தார். ஏரோபிக், அனேரோபிக் என்ற ஜோடி பிறந்தது இப்படித்தான்.

உடலியலாளர்கள் இதே ஜோடியைத் தசைகளுக்கும் பயன்படுத்திவந்தார்கள். ஆனால் பொதுமக்கள் வாயில் புழங்க வைத்தவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர். 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதை வைத்தே அவருடைய உடல் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, எவ்வளவு பயன்படுத்த வல்லது என்று கணிக்கலாம் எனக் காட்டியவர் இவர். 1968ல் அவர் எழுதிய நூலுக்கு, ஏரோபிக் என்ற பெயரடையின் பின்னால் ஓர் 'ஸ்' சேர்த்து 'ஏரோபிக்ஸ்' என்று தலைப்பிட்டார். அவர் சொன்னது ஓட்டம், நடை, நீச்சல், சைக்கிள் இவற்றைத்தான். 1970 உலகக் கோப்பைக்கு பிரேசில் கால்பந்து அணி அவர் முறையில் தயாரானது. பிரேசிலில் மெல்லோட்டத்துக்கே 'கூப்பர்' என்று பெயர் வந்துவிட்டது.

அப்புறம் வந்ததுதான் நடனம். 1969ல் புவேர்ட்டோ ரீக்கோவில், விமானப்படை வீரர்களின் மனைவியருக்காக ஒரு பயிற்சித் திட்டம் அமைக்க முனைந்த ஜாக்கி சோரன்சென் என்ற நடனக் கலைஞர், கூப்பரின் கருத்தை நடனத்தோடு சேர்த்தார். 'ஏரோபிக் டான்ஸ்' பிறந்தது. எண்பதுகளில் தொலைக்காட்சியும் வீடியோவும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனதில், 'டான்ஸ்' உதிர்ந்து 'ஏரோபிக்ஸ்' என்பதே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. இந்தச் சுருக்கத்தால் இழப்புதான் என்பது என் கருத்து. தினமும் விடியலில் மெரினாவில் வேகநடை போடுபவர் தான் செய்வது ஏரோபிக் பயிற்சி என்று நினைப்பதில்லை. வகுப்பு எடுப்பவர்களிலும் பலர், பாட்டும் ஆட்டமும் இருந்தால் அது ஏரோபிக்தான் என்று நம்பிவிடுகிறார்கள்.

சரி, தசைக்குள் நடப்பதென்ன? தசை சுருங்கச் செலவாகும் பொருள் ஏடிபி என்னும் மூலக்கூறு. கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் காணும். செலவாகச் செலவாக அதை மறுபடி செய்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு உடலில் மூன்று வழிகள் உண்டு. தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கொண்டு உடனடியாகச் செய்வது முதல் வழி. முழு வீச்சில் போனால் சுமார் 10 நொடியில் அது தீர்ந்துபோகும். குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து வேகமாகச் செய்வது இரண்டாவது. இவ்விரண்டிலும் உயிர்வளி பங்கெடுப்பதில்லை. மூன்றாவது வழியில், குளுக்கோஸும் கொழுப்பும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்குள் போய் உயிர்வளியோடு சேர்ந்து முழுதாக எரிகின்றன. இதுதான் ஏரோபிக். இரண்டாவது வழியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குக் கிடைப்பது 2 ஏடிபி. மூன்றாவதில் 30க்கு மேல். வேகம் குறைவு, வரவு அதிகம்.

இதில் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 10 நொடி முதல் வழி, பிறகு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது என்று அட்டவணை போட்டுப் படிப்பதால், ஒன்று அணைந்து மற்றது பற்றிக்கொள்வதுபோலத் தோன்றும். அப்படி இல்லை. முதல் அடி வைக்கும்போதே மூன்றும் தொடங்கிவிடுகின்றன. யார் பங்கு அதிகம் என்பதுதான் மாறுகிறது. முழு வேகத்தில் ஓடினால்கூட ஒன்று முதல் இரண்டு நிமிடத்துக்குள் பாதிப் பொறுப்பு உயிர்வளி வழிக்கு வந்துவிடும். ஆகையால் எந்த அசைவையும் காட்டி 'இது ஏரோபிக், அது அனேரோபிக்' என்று முத்திரை குத்த முடியாது. ஒரே பாட்டு, ஒரே ஸ்டெப், ஒரே உயரப் பலகை. முன்வரிசையில் நிற்கும் பழகிய இளைஞருக்கு அது சுகமான ஏரோபிக் வேலை. பின்வரிசையில் போன வாரம் சேர்ந்த அம்மாவுக்கு, மூன்றாவது நிமிடத்திலேயே உயிர்வளி வழி ஈடுகொடுக்க முடியாமல் இரண்டாவது வழியின் பங்கு ஏறிவிடுகிறது. வகுப்பின் பெயர் இருவருக்கும் ஒன்று. தசையின் கணக்கு வேறு. இதைப் பார்க்கத் தெரிவதுதான் குழு வகுப்பு எடுப்பவரின் தொழில் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதிர்ச்சொல்லில் இன்னும் பெரிய குழப்பம். அனேரோபிக் என்றால் 'காற்று இல்லாமல்'. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வதே அனேரோபிக் என்று நினைப்பவர்கள் நிறைய. கபடியைப் பாருங்கள். பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் நுழைகிறார். 30 நொடிக்குள் தொட்டுத் திரும்ப வேண்டும். அந்தப் பாய்ச்சலும் இழுபறியும் பெரும்பாலும் அனேரோபிக் வேலைதான். காரணம் அவர் மூச்சுவிடாமல் பாடுவது அல்ல. பாட்டையே விட்டுவிட்டு நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு அதே பாய்ச்சலைச் செய்தாலும் அது அனேரோபிக்தான். தேவைப்படும் வேகத்துக்கு உயிர்வளி வழி ஈடுகொடுக்காது என்பதே காரணம். திரும்பி வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் இடுப்பில் கைவைத்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறாரே, அந்த நேரத்தில் உயிர்வளி வழிதான் செலவான இருப்பை நிரப்பிக்கொண்டிருக்கிறது. எடை தூக்கும் வகுப்பில் மூச்சை அடக்கச் சொல்வது இந்தத் தவறான புரிதலிலிருந்து வந்தால், அது ஆபத்து. மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பொதுமக்கள் வரும் வகுப்பில் 'தூக்கும்போது மூச்சை விடுங்க' என்று வாய் ஓயாமல் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது வழியின் விளைபொருள் லாக்டேட். லாக்டிக் அமிலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்; தயிருக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம், லத்தீனில் பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். 'நேத்து ஆடினதுல லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு, அதான் வலி' என்பது வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. உண்மையில் சேர்ந்த லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். இதயம் உள்ளிட்ட தசைகள் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலி, பழகாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் விளைவு.

இனி தமிழ்ப் பெயருக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் காற்றுச் சுவாசம், காற்றில்லாச் சுவாசம் என்கின்றன. இலங்கையில் காற்றிற் சுவாசம், காற்றின்றிய சுவாசம். பாஸ்டரின் நுண்ணுயிர்களுக்கு இவை கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே காற்று உண்மையிலேயே இல்லை. மனிதத் தசைக்கு 'காற்றில்லா' என்பது சரிவராது. காற்று இருக்கிறது, நுரையீரல் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்து வேலை அதை நம்பி நடக்கவில்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன மூச்சுப் பிடிக்கும் குழப்பத்தை இந்தச் சொல்லே வளர்த்துவிடும்.

ஆக்சிஜனைக் குறிக்கப் பிராணவாயு என்ற சொல்லும் வழக்கில் உண்டு. மருத்துவமனைச் செய்திகளில் அது பரவாயில்லை. ஆனால் யோகாவும் ஏரோபிக்கும் அடுத்தடுத்த அறைகளில் நடக்கும் இடத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. யோக மரபில் பிராணன் தசவாயுக்களில் ஒன்று, அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அது ஆக்சிஜன் அல்ல. 'வளி' பழந்தமிழ்ச் சொல், அழகான சொல். தனியாக நின்றால் அதற்கும் ஒரு சிக்கல்: சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்னும் வரிசையில் அது வாதத்தைக் குறிக்கும். உயிர்வளி என்று அடைசேர்த்துச் சொன்னால் இந்த இரண்டு குழப்பமும் தீர்ந்துவிடும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது உயிர்வளிசார் பயிற்சி, உயிர்வளிசாராப் பயிற்சி. 'சார்' என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒன்றைச் சார்ந்திருப்பதில் அளவு உண்டு. கொஞ்சம் சார்ந்திருக்கலாம், பெரிதும் சார்ந்திருக்கலாம். மூன்று வழிகளும் ஒன்றாக ஓடி, பங்கு மட்டும் மாறும் உண்மைக்கு இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. பாடக் குறிப்பிலும் தேர்வு விடையிலும் இதை எழுதலாம். உச்சகட்ட உழைப்பில் உடல் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜன் அளவை 'உச்ச உயிர்வளி நுகர்வு' என்று இதே வழியில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் இத்தனை மில்லிலிட்டர் என்று அதை அளப்பார்கள். அறிவிப்புப் பலகையில் ஏரோபிக்ஸ் என்றே இருக்கட்டும், வருகிறவர்களுக்கு அதுதான் தெரியும்.

வகுப்பு நடக்கும்போது இந்த எந்தச் சொல்லும் தேவையில்லை. நம் பேச்சு மொழியிலேயே அளவுகோல் இருக்கிறது. 'என்னக்கா, பேச முடியுதா?' என்று கேளுங்கள். பேச வரும், பாட வராது என்றால் மிதமான உயிர்வளிசார் நிலை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குகிறது என்றால் கடுமையான நிலை. மூச்சிரைத்துப் பேச்சே எழவில்லை என்றால் உயிர்வளி சாராத வழியின் பங்கு நன்றாக ஏறிவிட்டது. குதிப்பதை நிறுத்தி, நின்ற இடத்தில் நடக்கச் சொல்லுங்கள். சட்டென்று நிற்கவோ உட்காரவோ விடாதீர்கள். கால் தசை அசையாவிட்டால் இரத்தம் காலிலேயே தேங்கித் தலைசுற்றும்.

நாடித்துடிப்பை எண்ணுவதும் பயன்படும், அளவோடு. 220லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது எல்லோரும் மனப்பாடம் செய்யும் சூத்திரம். 40 வயதுக்காரருக்கு 180 வரும். ஆனால் அது சராசரி. ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு ஏறி இறங்குவது சாதாரணம், அதற்கு மேலும் போகலாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் இந்தச் சூத்திரம் செல்லவே செல்லாது. அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். கையில் கட்டிய கடிகாரம் 110 என்று காட்டும்போதே அவர் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு, ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் அமைத்த, 6ல் தொடங்கி 20ல் முடியும் உழைப்பு அளவுகோல் கைகொடுக்கும். 'எவ்வளவு கஷ்டமா இருக்கு?' என்று அவரையே கேட்டு எண் சொல்ல வைப்பது. 12, 13 என்றால் மிதமானது. சேர்க்கைப் படிவத்தில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள், பாட்டுப் பட்டியலை அப்புறம் போடலாம்.