தாத்தாவின் கேப்சூலும் கர்ப்பிணிக்கான எச்சரிக்கையும்

அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு மருத்துவர் லெனலிடோமைடு எழுதிக் கொடுக்கிறார். மருந்தோடு வரும் தாளில், கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது, உடைந்த கேப்சூலைத் தொடவும் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. மருமகள் மாசமாக இருக்கும் வீட்டில், மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். தாத்தாவின் நோய்க்கும் இன்னும் பிறக்காத பேரனுக்கும் என்ன சம்பந்தம்?

நோயின் பெயர் மல்டிபிள் மைலோமா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கும் பிளாஸ்மா செல்களின் வேலை, கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடி புரதங்களைத் தயாரிப்பது. அவற்றில் ஒன்று கெட்டுப்போய்ப் பெருகத் தொடங்கினால், ஒரே அச்சில் வார்த்த, எதற்கும் உதவாத புரதம் ரத்தத்தில் குவிகிறது. சிறுநீரகம் பழுதாகிறது, ரத்தசோகை வருகிறது, எலும்பு அரிக்கப்பட்டு அதிலுள்ள கால்சியம் ரத்தத்தில் கலக்கிறது. முதுகுவலிக்குத் தைலம் தேய்த்தே மாதங்களைக் கழித்துவிட்டு, முதுகெலும்பு நொறுங்கிய பிறகு நோயைத் தெரிந்துகொள்பவர்கள் பலர்.

பிளாஸ்மா செல்லைக் கல்யாண மண்டபமாக நினைத்துக்கொள்ளலாம். விநாடிக்கு ஆயிரக்கணக்கான ஆன்டிபாடிகள் அங்கிருந்து கிளம்புகின்றன. பந்தி பெரிதென்றால் எச்சில் இலையும் அதிகம். சரியாக மடியாமல் கோணிப்போன புரதங்கள் ஓயாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை அரைத்துத் தள்ளப் புரோட்டியசோம் என்ற குழாய் வடிவ இயந்திரம் நம் செல்களில் உண்டு. எதை அரைப்பது என்று அதற்குத் தெரிய, யூபிகுவிட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. சந்தையில் விலைபேசி முடித்த ஆட்டின் முதுகில் சாயம் தடவுவதைப் போன்ற ஏற்பாடு. இதைக் கண்டறிந்த ஆரோன் சிக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டே, அந்த இயந்திரத்தை அடைக்கும் போர்டிசோமிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. அதன் மூலக்கூறில் உள்ள ஒரு போரான் அணு, புரோட்டியசோமின் வெட்டும் இடத்தில் போய்ப் பற்றிக்கொள்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் குப்பை எடுக்காவிட்டால் குடி முழுகாது. ஆயிரம் இலை விழும் மண்டபத்தில் ஒரு வேளை இலை எடுக்காவிட்டால் அடுத்த பந்தி நடக்காது. மற்ற செல்கள் தாங்கிக்கொள்ளும் அடைப்பில் மைலோமா செல் திணறிச் சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நரம்புகள் மட்டும் முழுதாகத் தப்புவதில்லை. பலருக்குக் கால் விரல்கள் எரியும், மரத்துப்போகும். ஊசியை ரத்தக்குழாய்க்குப் பதிலாகத் தோலுக்கடியில் போடத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை கணிசமாகக் குறைந்தது. உடம்புக்கு நல்லது என்று கிரீன் டீ சாற்று மாத்திரை விழுங்குபவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது. அதிலுள்ள ஒரு பொருள் போரானைப் பிடித்துக்கொண்டு மருந்தை முடக்குவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

கேப்சூலின் பூர்வீகம் இன்னும் விசித்திரமானது. லெனலிடோமைடு, தாலிடோமைடிலிருந்து பிறந்தது. தாலிடோமைடு 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாகக் கடைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், பலர் கைகால் குறுகி, ஊனத்தோடு பிறந்தார்கள். 1961இல் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, தூக்கமில்லாமல் தவித்த தொழுநோயாளிக்கு ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் இதைக் கொடுக்க, தூக்கத்தோடு தோல் அழற்சியும் தணிந்தது. பிறகு, புற்றுக்குத் தீனி கொண்டுவரும் புது ரத்தக்குழாய்கள் முளைப்பதை இது தடுக்கும் என்ற ஊகத்தில், அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 84 மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கெட்ட புரதத்தின் அளவு இறங்கியது. முடிவு 1999இல் வெளியானது. ஊகம் பெரும்பாலும் பொய்த்தது, மருந்து பொய்க்கவில்லை.

உண்மையான காரணத்தின் நுனியை 2010இல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டாவின் குழு பிடித்தது. தாலிடோமைடு ஒட்டிக்கொள்ளும் இடம் செரிப்ளான் என்ற புரதம். சாயம் தடவும் கூட்டத்தில் அதுவும் ஓர் ஆள். மருந்து ஒட்டியதும் அதன் கண் மாறிவிடுகிறது. வழக்கமாகத் தொடாத இகாரோஸ், அயோலோஸ் என்ற புரதங்களுக்கும் சாயம் தடவி அரைவைக்கு அனுப்புகிறது. இவை இல்லாமல் மைலோமா செல் பிழைக்காது என்பது 2014இல் தெரிந்தது. மருமகள் பற்றிய கேள்விக்கு 2018இல் விடை வந்தது. கருவில் கைகால் உருவாகத் தேவையான சால்4 என்ற புரதமும் இதே வழியில் குப்பைக்குப் போகிறது. சுண்டெலியின் செரிப்ளானில் ஓர் அமினோ அமிலம் வேறாக இருக்கிறது. மனிதக் குழந்தைகளுக்கு வந்த ஊனம் சுண்டெலிக் குட்டிகளுக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, ஒரு மருந்து இலை எடுப்பதை நிறுத்துகிறது. மற்றொன்று எச்சில் இலையோடு அடுப்பையும் அண்டாவையும் வண்டியில் ஏற்றிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்காதா? கெடுக்க வேண்டும் என்றுதான் தர்க்கம் சொல்கிறது. ஆனால் போர்டிசோமிபின் அடைப்பு முழுமையானதல்ல, சில நாட்களில் தளர்ந்தும்விடுகிறது. கேப்சூலோ 28 நாள் சுற்றில் வழக்கமாக 21 நாள் தினமும் உள்ளே போகிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்து, மூன்றும்தான் இன்று பரவலான முதல் கட்டச் சிகிச்சை. வசதியுள்ள இடங்களில், பிளாஸ்மா செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி38 என்ற புரதத்தைப் பிடிக்கும் டரட்டுமுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து நான்காவதாகச் சேர்கிறது.

உடல் தாங்கும் என்றால் அடுத்தது ஸ்டெம் செல் மாற்று. பெயரில்தான் மாற்று, ரத்தத்தை உருவாக்கும் நோயாளியின் சொந்த செல்களையே முன்கூட்டி எடுத்து உறையவைத்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். நோயோடு போராடுவது இடையில் கொடுக்கும் மெல்பாலன், போர் ஆயுதமான கடுகு வாயுவின் வம்சத்தில் வந்த பழைய மருந்து. அது அழித்துவிடும் மஜ்ஜையை மீட்பதுதான் திரும்ப ஏற்றும் செல்களின் வேலை. அதன் பிறகு நோய் தலைதூக்காமல் இருக்க லெனலிடோமைடு, பல ஆண்டுகளுக்குக்கூட.

அப்படியும் நோய் பெரும்பாலும் திரும்புகிறது. செரிப்ளானைக் குறைத்துக்கொண்டே சில செல்கள் தப்பிவிடுகின்றன. அந்தக் கட்டத்துக்கு, 2021 முதல் அனுமதி பெற்றுவரும் கார்-டி சிகிச்சை இருக்கிறது. நோயாளியின் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை வெளியே எடுத்து, பிளாஸ்மா செல்மீதுள்ள பிசிஎம்ஏ என்ற அடையாளத்தைத் தேடிக் கொல்லப் பழக்கி உள்ளே விடுகிறார்கள். கெட்ட பிளாஸ்மா செல், நல்ல பிளாஸ்மா செல் என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. ஆன்டிபாடி புரதம் ரத்தத்தில் வழிந்து நோயில் விழுந்தவருக்கு, இப்போது கிருமியை எதிர்க்கவே அது போதுவதில்லை. முன்பின் தெரியாத பலர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்ள வேண்டிவருகிறது.