இமாட்டினிப் மாத்திரையை ஏன் ஒரு நாளும் விடக்கூடாது?

சி.எம்.எல். என்ற நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் 2001இல் வந்தது. இன்றும் பெரும்பாலானோருக்கு ஆரம்ப அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். இந்த நோயில் 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்ள, பிசிஆர்-ஏபிஎல் என்ற கூட்டு மரபணு உருவாகிறது. அதிலிருந்து பிறக்கும் புரதம் ஓய்வே இல்லாமல் வேலை செய்யும். தன்னிடமுள்ள ஒரு குழிவில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை ஏற்று, அதன் பாஸ்பேட்டைப் பிற புரதங்கள் மேல் ஏற்றும். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது இதனால்தான்.

இமாட்டினிப் அந்தக் குழிவில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏடிபிக்கு இடமிருக்காது. ஆனால் மரபணு அப்படியேதான் இருக்கும். ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய சுமார் 18 மணி நேரமே ஆகும் என்பதால் தினமும் விழுங்க வேண்டியிருக்கிறது.

சில வாரங்களில் வெள்ளணு எண்ணிக்கை சரியாகிவிடும். பலர் மாத்திரையில் அசட்டையாவது அப்போதுதான். உண்மை நிலவரத்தைச் சொல்வது ரத்தப் பரிசோதனையில் தெரியும் பிசிஆர்-ஏபிஎல் அளவு: 3 மாதத்தில் 10%, 6 மாதத்தில் 1%, ஓராண்டில் 0.1% அல்லது அதற்கும் கீழே வர வேண்டும். மாதத்தில் மூன்று மாத்திரைக்கு மேல் தவறவிட்டாலே இந்த இலக்கை எட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஒரு வேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

குமட்டலுக்குப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டல் பெருமளவு அடங்கும். விழுங்க முடியாதவர்கள் 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கலாம். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவை அடிக்கடி வரும். தோல் வெளிறுவதும் உண்டு; நிறமி அணுக்களுக்குத் தேவையான 'கிட்' என்ற புரதத்தையும் இம்மருந்து தடுக்கிறது. நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், ஆனால் ஆபத்தில்லை. மூச்சிரைப்போ திடீர் எடை கூடுதலோ வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள், உடலில் நீர் கோத்திருக்கலாம்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின் இரண்டும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி இமாட்டினிப்பை வேகமாகச் சிதைத்துவிடும். பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் நேர்மாறாக அளவை ஏற்றிவிடும். எனவே மூலிகை மருந்து உட்பட எதையும் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். கருவுற நினைத்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவை இம்மருந்து பாதிக்கும்.

ஒழுங்காகப் போட்டும் பிசிஆர்-ஏபிஎல் அளவு ஏறினால், குழிவின் வடிவமே மாறியிருக்கக்கூடும். டி315ஐ என்ற மரபணுப் பிறழ்வில் இமாட்டினிப் பொருந்தாது; போனாட்டினிப், அசிமினிப் போன்ற வேறு மருந்துகள் தேவைப்படும். நிலோட்டினிப் என்ற இன்னொரு மருந்துக்கு மாற்றினால் சாப்பாட்டு விதி தலைகீழ்: மாத்திரைக்கு முன் 2 மணி நேரமும் பின் 1 மணி நேரமும் வெறும் வயிறு.

பல ஆண்டுகள் பிசிஆர்-ஏபிஎல் அளவு மிக மிகக் குறைவாகவே நிலைத்தவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதனால் முதலில் மாதந்தோறும் பரிசோதனை உண்டு. அளவு ஏறியதும் மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் மறுபடி கட்டுக்குள் வந்துவிடுகிறது.